கெங்கம்மா தேய்த்த பக்கம்

ஏ.சி. மாட்ட வந்தவர் அளவு குறிப்பதற்காகச் சுவரில் ஒரு துண்டு டேப் ஒட்டினார். வேலை முடிந்து அதை உரித்தபோது டேப்போடு சேர்ந்து முழ நீளத்துக்குப் பெயிண்டும் உரிந்து வந்துவிட்டது. பதறிப்போய் உரிந்த இடத்தின் ஓரத்தை விரலால் அழுத்தினார். அங்கேயும் பெயிண்ட் மெல்ல எழும்பியது. ராயபுரத்தில் தங்கபுஷ்பத்தின் வீட்டு ஹாலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து அன்றைக்குப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் ஒன்பது நாளில் அதே ஹாலில் அவள் மகள் அனிஷாவுக்கு நிச்சயதார்த்தம்.

கெங்கம்மாவுக்கு இதெல்லாம் மறுநாள் சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில் கரியேறிய சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி செல்வம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"கெங்கம்மா, கைய கய்வு. ராயபுரம் போணும்."

"இன்னா விசயம் மேஸ்திரி?"

"அந்த எவர்சில்வர் கடைக்காரம்மா வூட்ல பெயிண்டு உரிஞ்சிகினு வர்தாம். அந்தம்மா எகிறிகினு கீது. வா, சொல்றேன்."

கெங்கம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் வீடு. பத்தொன்பது வருடமாகப் பெயிண்ட் வேலைக்குச் சித்தாள். பழைய பெயிண்டைச் சுரண்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பள்ளங்களில் பட்டி பூசி நிரவுவது, ஏணியைத் தூக்குவது, கடைசியில் தரையைத் துடைப்பது என்று எல்லாம் அவள் வேலை. ரோலர் மட்டும் ஆம்பளைகளிடம் இருக்கும். அலமாரியின் உள்பக்கம், கக்கூஸ் சுவர் என்று யார் கண்ணிலும் படாத இடங்களில் மட்டும் அவளை அடிக்கச் சொல்வார்கள். அந்த இடங்களிலிருந்து இதுவரை யாரும் குறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தங்கபுஷ்பத்தின் வீடு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முதல் நாள் காலையில் ஹால் சுவரைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. பச்சை நிறத்தில் வழவழவென்று, முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு. பழைய ஆயில் பெயிண்ட். தண்ணீரில் கரைக்கும் எமல்ஷனை அதன் மேல் அப்படியே அடித்தால் பிடிமானம் இருக்காது. பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும், கழுவ வேண்டும், பிடித்துக்கொள்ளும் பிரைமர் ஒரு கோட்டிங் கொடுக்க வேண்டும். செல்வம் வேறு இடத்துக்குப் போயிருந்ததால் அவள் பாட்டுக்கு உப்புத்தாளை எடுத்துச் சமையலறைக் கதவோரத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தாள். சுவிட்ச் பலகைவரை வந்திருப்பாள். பதினோரு மணிக்குத் திரும்பி வந்த செல்வம் கத்தினான்.

"யார் ஒன்ன தேக்கச் சொன்னது? மூணு நாள்ல முடிக்கணும். தொட்ச்சிட்டு வுடு, அடிக்கலாம்."

"ஆயிலு மேஸ்திரி. ஒட்டாது."

"ஒன் வேலைய பாரு."

அவள் தன் வேலையைப் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைத் துடைத்தாள். அது அவளுக்கு அன்றிரவு வீட்டுக்குப் போன பிறகும் உறுத்தியது. ஆனால் மேஸ்திரியின் வேலை, மேஸ்திரியின் சொல்.

இப்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும்போது செல்வம் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசினான்.

"இத பார் கெங்கம்மா. 'நாந்தான் சரியா தேக்கல, ஒடம்பு முடியல, மன்ச்சிக்கம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லிடு. கத முட்ஞ்சிது. நா ஆள வுட்டு டச்சப் பண்ணிக் குட்த்துடுவேன். அட்த்த மாசம் யானைக்கவுனில அவங்க கடைக்கும் பெயிண்ட் வேல கீது. நீயும் வரலாம்."

கெங்கம்மா முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். காசிமேட்டு மீன் வாடையும் லாரிப் புகையும் முகத்தில் அடித்தன. பத்தொன்பது வருடத்தில் எத்தனை மன்னிப்புக் கேட்டிருப்பாள்! எவனோ கவிழ்த்த பெயிண்ட் டப்பாவுக்கு, எவனோ உடைத்த கண்ணாடிக்கு. சித்தாள் கேட்டால் வீட்டுக்காரர்களுக்குக் கோபம் சீக்கிரம் தணிந்துவிடும் என்று எல்லா மேஸ்திரிகளும் கண்டுவைத்திருந்தார்கள். அவள் பேசாமல் வருவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு செல்வம் விசிலடித்தபடி வண்டியை ஓட்டினான்.

ஹாலில் நாற்காலி சோபா எல்லாம் நடுவில் கூட்டிப் போடப்பட்டிருந்தன. தங்கபுஷ்பம் உரிந்த சுவருக்கு எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. நாசரேத் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தெட்டு வருடமாகப் புருஷன் ஜெபசிங்கோடு எவர்சில்வர் மொத்த வியாபாரக் கடையில் உட்கார்ந்தவள். ஒரு தம்ளரைச் சுண்டிப் பார்த்தே தகட்டின் கனத்தைச் சொல்லிவிடுவாள் என்பார்கள்.

"நீதான் கெங்கம்மாவா? ஏம்மா, ஒரு வேலையை ஒத்துக்கிட்டா ஒழுங்கா செய்ய வேண்டாமா? அடுத்த ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரவிய வாராவ. இந்தச் சுவரைப் பாத்தா என்ன நினைப்பாவ?"

"அதான் கூட்டிகினு வந்துட்டேன்லம்மா," என்றான் செல்வம். "சொல்லுமே."

கெங்கம்மா சுவரைப் பார்த்தாள். கிரீம் நிறத்துக்கு நடுவில் பழைய பச்சை, அழுக்கில்லாமல் பளபளவென்று எட்டிப் பார்த்தது.

"நா சொல்ல மாட்டேன் மேஸ்திரி."

"இன்னா?"

"பண்ணாத தப்புக்கு நா மன்னாப்பு கேக்க மாட்டேன்." அவள் தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். "யம்மா, ஒங்க சொவுத்துல கீய இருக்கறது ஆயில் பெயிண்ட்டு. அது மேல தேக்காம கொள்ளாம தண்ணி பெயிண்ட்ட அடிச்சா எப்டி ஒட்டும்? இப்ப நீங்க இத்த கையால இஸ்தாலும் மொத்தமும் வந்துடும்."

"இவ சித்தாளும்மா," என்றான் செல்வம். "இவளுக்கு பெயிண்டப் பத்தி இன்னா தெரியும்? ஆயிலுமில்ல ஒண்ணுமில்ல."

"ஆயில் பெயிண்ட்தான்," என்றாள் தங்கபுஷ்பம். "அனிஷா சின்னதுல சுவரெல்லாம் கிறுக்குவா. துடைக்கதுக்கு வசதியா இருக்கும்னு இவ அப்பாதான் ஆயில் அடிக்கச் சொன்னாவ."

செல்வம் ஒரு கணம்தான் திணறினான். "ஆமா, ஆயிலுதான். அதனாலதான் நல்லா தேய்ன்னு இவகிட்ட சொன்னேன். இவ தேக்கல."

கெங்கம்மாவுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. இத்தனை நாளும் அவன் வேலையைக் கெடுத்தான், சரி. இப்போது அவள் வாயையும் சேர்த்துப் பொய்யாக்குகிறான்.

"நீ என்ன தேக்கச் சொன்னியா?"

"சொன்னேன்."

"சரி." அவள் அனிஷாவைக் கூப்பிட்டாள். மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு வாசல்படியருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். "பாப்பா, மேச மேல கீற அந்த டேப்ப எட்து. தோ இந்த சுட்சு போர்டுக்கு இந்தாண்ட ஒரு துண்டு, அந்தாண்ட ஒரு துண்டு ஒட்டு. நீயே ஒட்டு, நீயே உரி. நா தொடல."

அனிஷா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் தலையை ஆட்டினாள். சுவிட்ச் பலகைக்கு வலப்பக்கம் ஒட்டிய துண்டை இழுத்ததும் பெயிண்ட் ஒரு கைக்குட்டை அளவுக்குத் தோலாகக் கழன்று தொங்கியது. இடப்பக்கத் துண்டை இழுத்தாள். டேப் மட்டும் வந்தது. மறுபடி நகத்தால் நன்றாக அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தாள். சுவர் அப்படியே இருந்தது.

"சமையக்கட்டு கதவுலேர்ந்து இதுவரிக்கும் நா தேச்சது," என்றாள் கெங்கம்மா. "மேஸ்திரி வெளில போயிருந்தாரு. திரும்பி வந்து தேக்காதன்னு சொன்னாரு. சொன்ன எட்த்துலேர்ந்து உரியுது. தேக்காம சோம்பேறித்தனம் பண்றவ இம்மாந்தூரம் மட்டும் எதுக்கு தேச்சேன்?"

"அந்தப் பக்கம் வெய்யில் படுதும்மா," என்றான் செல்வம். "அதான் ஒட்டிகினு கீது."

"ஒரே சுவர். ஒரே ஜன்னல்," என்றாள் தங்கபுஷ்பம். "வெயில் என்ன சுவிட்ச் போர்டுவரை வந்துட்டுத் திரும்பிப் போயிருதா?"

அவன் குரல் தாழ்ந்தது. சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு, நாளைக்கே ஆள் அனுப்புகிறேன், உரிந்த இடத்தில் பட்டி வைத்து மேலே ஒரு கோட்டிங் ஓட்டிவிட்டால் விசேஷம் முடியும்வரை தாங்கும் என்றான். தங்கபுஷ்பம் கெங்கம்மாவைப் பார்த்தாள்.

"மேல அடிக்கறதும் சேந்துதாம்மா உரியும்," என்றாள் கெங்கம்மா. "ஒட்டாதது மேல எத்தினி கோட்டிங் ஓட்னாலும் வேஸ்டு."

"நீங்க கிளம்புங்க செல்வம்," என்றாள் தங்கபுஷ்பம். "கடை வேலைக்கும் வேற ஆளப் பாத்துக்கிடுதோம்."

செல்வம் படியிறங்கும்முன் கெங்கம்மாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினான். "நாளைலேர்ந்து என் வேலைக்கு வராத. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரிக்கும் ஒரு மேஸ்திரியும் ஒன்ன சேத்துக்க மாட்டான். பாத்துகினே இரு."

"வரல, போ."

வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்தது. தங்கபுஷ்பம் ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அவன் போயிட்டான். இப்ப இதை யாரு சரிபண்ணுவா?"

"நா பண்றேன்."

"நீயா? ஒத்தப் பொம்பளையாவா?"

"பத்தொம்போது வருசமா ஏணிலதான் கீறேன்மா. ஆனா ஒண்ணு. எப்ப எத்த அடிக்கணும்னு நாந்தான் சொல்லுவேன். நடுவுல அவசரப்படுத்தக் கூடாது."

இதைச் சொன்னபோது தன் குரல் தனக்கே புதிதாக இருந்ததைக் கெங்கம்மா உணர்ந்தாள். தங்கபுஷ்பம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிருவோம். திங்கக்கிழமை காலையில வா," என்றாள்.

வீட்டில் அவள் புருஷன் கோதண்டம் தலையில் கைவைத்துக்கொண்டான். ஹார்பரில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலை அவனுக்கு. அந்த வாரம் இரவு ஷிப்ட்.

"சாரின்னு சொல்ட்டு வந்துகினே இருக்கலாம்லமே. ஒரு வார்த்ததான?"

"ஒரு வார்த்தன்னா நீயே போய் சொல்ட்டு வா."

"இல்ல, அவன் நாலு பேராண்ட சொல்லி வெச்சான்னா வேலைக்கு இன்னா பண்ணுவ?"

"தேச்சத தேக்கலன்றான்யா. என் கைய பொய்யின்றான். அதுக்கு நானும் ஆமான்னு சொல்லணுமா?"

கோதண்டம் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். கெங்கம்மா, தன்னோடு சித்தாள் வேலை செய்கிற பூமாரிக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை துணைக்கு வருகிறாயா என்று கேட்டாள். "யக்கா, மேஸ்திரி எனக்கும் போன் பண்ணிட்டாரு. எனக்கு வேற போக்கெடம் இல்லக்கா," என்றாள் பூமாரி. கெங்கம்மாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. சரி வை என்று சொல்லிவிட்டாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தனியாகச் சுரண்டினாள். பட்டித் தகட்டை ஓரத்தில் கொடுத்துத் தள்ளினால் போதும், பெயிண்ட் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. செல்வமும் இரண்டு பெயிண்டர்களும் மூன்று நாள் அடித்தது, தரையில் குப்பையாகக் குவிந்தது. கழலாமல் பிடித்துக்கொண்டிருந்த இடங்களின் விளிம்புகளை மேடு தெரியாமல் தேய்த்துச் சரித்தாள். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பச்சைப் பளபளப்பு மங்கும்வரை சாண் சாணாகத் தேய்த்துக்கொண்டே போனாள். பழைய ஆயில் பெயிண்டின் தூசி மூச்சுக்கு ஆகாது என்பதால் மூக்கை ஈரத்துணியால் கட்டிக்கொண்டாள், உள்ளறைக் கதவுகளைச் சாத்திவைக்கச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தோள்பட்டை தூக்க முடியாமல் போய்விட்டது. இன்னும் இரண்டு சுவர் பாக்கி.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் கோதண்டம் நின்றான். ஹார்பரிலிருந்து நேராக வந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"இன்னாய்யா, தூங்கல?"

"தூங்கிக்கலாம். இன்னா பண்ணணும் சொல்லு."

உப்புத்தாளைக் கொடுத்தாள். இரும்போடு மல்லுக்கட்டிய கை என்பதால் அவன் போட்டு அழுத்தியதில் சுவரில் கீறல் விழுந்தது.

"யோவ், கன்டெய்னர் இல்லய்யா, சொவுரு! சொயட்டி சொயட்டி தேயி. பளபளப்பு போனா போதும், சொவுரு போவ வாணாம்."

"சரிங்க மேஸ்திரிம்மா," என்றான் கோதண்டம். உள்ளறையில் அனிஷா சிரிக்கிற சத்தம் கேட்டது.

அவன் மதியம்வரை தேய்த்துவிட்டுச் சாப்பிட்ட இடத்திலேயே சுருண்டு தூங்கினான். வியாழக்கிழமை சோடா உப்புத் தண்ணீரால் நான்கு சுவரையும் கழுவினார்கள். மறுபடி நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசித் துடைத்தார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று சுவர் காய்ந்துவிட்டது. அவற்றுக்குக் கெங்கம்மா பிரைமர் அடித்தாள். கடல் பக்கத்து நீளச்சுவர் மட்டும் புதன்கிழமை இரவு பெய்த ஐப்பசி மழையில் வெளியே ஊறிப்போய், உள்ளே தொட்டால் சில்லென்று இருந்தது. அதை வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை விட்டுவைத்துப் பிறகுதான் பிரைமர் கொடுத்தாள். அன்றைக்கும் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மூன்று சுவரும் இரண்டு கோட்டிங் முடிந்து கிரீம் நிறத்தில் பதமாக நின்றன. கெங்கம்மா ரோலரை மேலிருந்து கீழே இழுத்ததில் ஒரு திட்டு, ஒரு கோடுகூட விழவில்லை. யார் கண்ணிலும் படாத இடங்களில் அடித்துப் பழகிய கை, இப்போது வெளிச்சம் விழும் ஹாலில் கூச்சமில்லாமல் வேலை செய்தது. நீளச்சுவர் மட்டும் பிரைமரோடு வெள்ளையாக நின்றது.

தங்கபுஷ்பம் கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் அந்தச் சுவரைப் பார்த்தாள்.

"இதுக்கு எப்ப அடிப்ப?"

"திங்கக்கெயம வந்து அடிக்கிறேன்மா."

"திங்கக்கிழமையா? நாளைக்கி விசேஷம்! மாப்பிள்ளையும் பொண்ணும் நிக்கப்போறதே இந்தச் சுவத்துக்கு முன்னாலதான். போட்டோ எல்லாம் இங்கதான் எடுப்பாவ."

"பிரைமர் காயலம்மா."

"தொட்டுப் பாத்தேன். காஞ்சுதான் இருக்கு."

"மேல மட்டும் காஞ்சிருக்கும். உள்ள பச்சையா கீது. இப்ப அடிச்சா நாளைக்கி நல்லாத்தான் இருக்கும். ஒரு மாசம் போனா பயய கததான்."

"ஒரு மாசம் கழிச்சு வந்தா அப்பப் பாத்துக்கிடுவோம். இப்ப அடி."

கெங்கம்மா ஏணியிலிருந்து இறங்கினாள். பெயிண்ட் டப்பாவின் மூடியை வைத்து, காலால் ஒரு அழுத்து அழுத்தி மூடினாள்.

"அடிக்க மாட்டேன்மா."

"நான் வீட்டுக்காரி சொல்லுதேன்!"

"நீங்க வூட்டுக்காரங்கதான். வாணான்னா என்ன போகச் சொல்லுங்க, போறேன். ஆனா நா அடிக்க மாட்டேன். மேஸ்திரி சொன்னாருன்னு ஒரு வாட்டி அடிக்க வுட்டேன். என் பேரு நாறிச்சி. இன்னொரு வாட்டி ஒங்க பேச்ச கேட்டுகினு அடிச்சி, அது உரிஞ்சிதுன்னு வைங்க, அப்பயும் கெங்கம்மா கை சரியில்லன்னுதான் சொல்லுவீங்க. நீங்க சொல்லி அடிச்சதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

தங்கபுஷ்பத்தின் முகம் கருத்தது. கடையில் பத்துப் பன்னிரண்டு பேரை வேலை வாங்குகிறவள். ஒருத்தரும் இப்படி எதிரே நின்று பேசியதில்லை. "அனிஷா! உங்க அப்பாவுக்குப் போனப் போடு. வேற எவனையாவது கூட்டிட்டு வரச் சொல்லு," என்று கத்தினாள். கெங்கம்மா வாளியில் ரோலரைப் போட்டுக் கழுவ ஆரம்பித்தாள்.

அனிஷா போனை எடுக்காமல் டேப்பை எடுத்துக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். "நீங்களே ஒட்டிப் பாருங்கம்மா."

தங்கபுஷ்பம் மகளை முறைத்தாள். பிறகு டேப்பைக் கிழித்துச் சுவரில் ஓங்கி ஒட்டினாள், கடையில் பெட்டி ஒட்டுகிற வேகத்தில். உள்ளங்கையால் தேய்த்து அழுத்தினாள். இழுத்தாள். டேப்பின் அடியில் வெள்ளையாக, பிசுபிசுவென்று, பாலாடை போல பிரைமர் ஒட்டிக்கொண்டு வந்தது. சுவரில் அந்த இடத்தில் மங்கிய பச்சை தெரிந்தது.

தங்கபுஷ்பம் டேப்பைக் கசக்கி எறிந்தாள். விரலில் ஒட்டியிருந்ததைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு அந்தச் சேலையையும் பார்த்து எரிச்சலோடு உதறினாள்.

"என்னைக்குக் காயும்?"

"இன்னிக்கி மய வரலன்னா திங்கக்கெயம."

"அப்பத் திங்கக்கிழமை வா." குரலில் கோபம் இறங்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கெங்கம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு ஆளை வைத்து அடித்திருப்பார்களோ, திங்கட்கிழமை போனால் வாசலிலேயே அனுப்பிவிடுவார்களோ என்று மனசு அலைந்தது. "அட்ச்சிருந்தா அட்ச்சிட்டுப் போறாங்க. நீ அடிக்கலல்ல, அது போதும்," என்றான் கோதண்டம்.

திங்கட்கிழமை அவள் உள்ளே நுழைந்தபோது தரையெல்லாம் ரோஜா இதழ். மூலையில் மடக்கி வைத்த வாடகை நாற்காலிகள். நீளச்சுவர் வெள்ளையாகவே நின்றது. யாரும் கைவைக்கவில்லை. கெங்கம்மா முதலில் டேப் ஒட்டி உரித்துப் பார்த்தாள். டேப் சுத்தமாக வந்தது. சனிக்கிழமை உரிந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பிரைமர் தொட்டு வைத்துவிட்டு மற்ற இடத்தில் ஆரம்பித்தாள். அனிஷா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விரலில் புது மோதிரம் மின்ன அங்கேயே நின்றாள்.

"நேத்து மாப்பிள்ளையோட பெரியம்மா கேட்டுட்டாங்கக்கா. 'இந்தச் சுவரை மட்டும் ஏன் அடிக்காம விட்டுட்டிய?'ன்னு. எல்லார் முன்னாலயும். எனக்கு பக்குன்னு ஆயிருச்சு."

"அம்மா இன்னா சொன்னாங்க?"

"'அது இன்னும் காயல. காயாத சுவத்துல கலர் அடிக்க மாட்டேன்னு எங்க பெயிண்டர் சொல்லிட்டா. அவ சொன்னா சொன்னதுதான்'னு சொன்னாங்க."

கெங்கம்மா ரோலரை நிறுத்தினாள். "இன்னான்னு சொன்னாங்க?"

"எங்க பெயிண்டர்னு."

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு அடித்தாள். அந்தச் சுவரை முடிக்க அன்றைக்கு அவளுக்குத் தேவைக்கு மேலேயே நேரம் ஆனது. தங்கபுஷ்பம் சாயங்காலம் வந்து நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாராட்டாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமை நடந்ததைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. கையில் இருந்த புதுத் தம்ளர் பெட்டியை மேசைமேல் வைத்து, "விசேஷத்துக்கு எல்லாருக்கும் குடுத்தோம். உனக்கும் எடுத்து வச்சேன்," என்று மட்டும் சொன்னாள்.

செல்வம் சொன்னதைச் செய்திருந்தான். அந்த வாரம் கெங்கம்மா போன் செய்த நாலு மேஸ்திரிகளும் ஆள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் கல்மண்டபம் முனைக்குப் போனாள். வேலைக்கு ஆள் கூப்பிட வருகிற இடம். டீக்கடையோரம் ஆம்பளைகள் ரோலரும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு நிற்பார்கள், எதிர்ப்பக்கம் பொம்பளைகள் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். பெயிண்டர் அந்தப் பக்கம், சித்தாள் இந்தப் பக்கம். கெங்கம்மா புது ரோலர் ஒன்றை வாங்கி நீளக் கழியில் மாட்டியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய் நின்றாள்.

"இன்னாக்கா, வயி தப்பி வந்துட்டியா?" என்று ஒருத்தன் கேட்டான். சிலர் சிரித்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து பூமாரி எழுந்து நின்று பார்த்தாள். கெங்கம்மா அசையவில்லை. அன்றைக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. செல்வம் இரண்டு ஆளை ஏற்றிக்கொண்டு போகும்போது வண்டியை மெதுவாக்கி, "இன்னா மேஸ்திரிம்மா, ஈ ஓட்டிகினு கீறியா?" என்றான்.

"ஓட்டறேன். நீ போய் அடி. உரிஞ்சா சொல்லியனுப்பு, வரேன்," என்றாள். இந்தமுறை சிரித்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை எண்ணூரிலிருந்து ஒருவர் வந்தார். சின்ன டியூஷன் சென்டர் வைத்திருக்கிறாராம். உள்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். கெங்கம்மாவைத் தாண்டிப் பார்வையை ஓட்டினார்.

"ஆம்பள பெயிண்டர் யாரும் இல்லியா?"

"கீறாங்க சார், தோ எத்தினி பேரு. கூட்டிகினு போங்க. ஆனா பயய சொவுருன்னா கேட்டுக்கங்க, தேய்ப்பாங்களான்னு."

அந்த ஆள் நின்றார். "போன வருசம்தான் அடிச்சோம். இப்ப செதில் செதிலா உரியுது. அதான்..."

"அதுக்கு முன்ன இன்னா பெயிண்ட் இருந்திச்சி?"

"அது தெரியாதே."

"தெரியாம அடிச்சா திரும்பயும் உரியும். வாங்க, போய் பாத்துட்டு சொல்றேன்." கெங்கம்மா ரோலர் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பினாள். "ஏய் பூமாரி, தேக்கறதுக்கு ஆள் வாணும். வரியா, இல்ல குந்திகினே இருக்கப் போறியா?"

பூமாரி ஒரு நிமிடம் சாலையைப் பார்த்தாள், செல்வத்தின் வண்டி வருகிற திசையை. பிறகு கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள். மூன்று பேரும் எண்ணூர் பஸ் பிடிக்க நடந்தார்கள்.